தாடி ஓணான் வீட்டுக்கு வந்து நான்கு நாள், ஒன்றும் சாப்பிடவில்லை

மார்ச் 9, 2024. கேள்வி

கூட வேலை பார்த்தவர் நாட்டை விட்டே போகிறார். அவர் வளர்த்த பியர்டட் டிராகனை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வயதுக்கு மேல் இருக்கும் என்றார். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, சிவப்பு பல்பு, சுருள் மாதிரி ஒரு யூவி பல்பு, கரண்டில் சூடாகும் கல், தரைக்குக் கால்சியம் மணல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். நான்கு நாளாக ஒரு மூலையில் கிடக்கிறது. கிரிக்கெட் பூச்சி போட்டால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒருமுறை தாடி கறுத்தது. நான் ஆஸ்திரேலியாவில், ஜீலாங்கில் இருக்கிறேன். இது புது இடத்துப் பயமா, நோயா? இங்கே வளர்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மார்ச் 9, இரவு 10.40

இருக்கிறேன். ஆறு வருடமாக, மெல்பர்னில், டான்டினாங் பக்கம். என்னிடம் இருப்பதும் இன்னொரு வீட்டில் வேண்டாம் என்று ஆனதுதான்.

நான்கு நாள் சாப்பிடாதது பெரிய விஷயமில்லை. வளர்ந்த ஓணான் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். தாடி கறுப்பது பயமாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், சும்மா வீறாப்பாகவும் இருக்கலாம். அதை விடுங்கள். நீங்கள் எழுதிய சாமான் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சூடாகும் கல்லின் பிளக்கை இப்போதே பிடுங்குங்கள். இந்தப் பிராணிக்குச் சூடு மேலேயிருந்து வரவேண்டும், வெயில் மாதிரி. வயிற்றுக்கு அடியில் சுடுவது அதற்குச் சரியாக உறைக்காது. தோல் வெந்த பிறகும் அதே கல்லில் சுகமாகப் படுத்திருக்கும். சிவப்பு பல்பையும் ராத்திரியில் அணையுங்கள். 'சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது' என்று சொல்லி விற்பார்கள். நன்றாகவே தெரியும். ராத்திரி என்றால் இருட்டு வேண்டும், நமக்கு மாதிரியே.

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அது வெயில் காயும் இடத்தில் எத்தனை டிகிரி?

மார்ச் 9, இரவு 11.15

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. உரிமம் எடுத்துவிட்டீர்களா? விக்டோரியாவில் இது சொந்த மண்ணின் காட்டுயிர், உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. நண்பர் கொடுத்தாலும் அதேதான். லண்டனில் காகிதம் ஏதுமின்றிக் கடையில் வாங்கிப் போகலாம், சிங்கப்பூரில் வளர்க்கவே கூடாது, அதன் பிறந்த ஊரில் மட்டும் பத்திரம் கேட்கிறார்கள். நாளைக்கே விண்ணப்பியுங்கள் தம்பி.

மார்ச் 10

'சுவரில் ஒட்டியிருக்கும் வட்ட மீட்டர் 35 காட்டுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீட்டரை நம்பாதீர்கள். அது ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைச் சொல்கிறது, ஓணான் படுக்கும் கட்டையின் சூட்டை இல்லை. என் வீட்டிலும் அப்படி ஒன்று பல மாதம் 36 என்று சாதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கட்டையை அளந்தால் 51. கரிகாலன் (எங்கள் ஓணானின் பெயர்) ஏன் வாயைப் பிளந்துகொண்டு ஓரமாகவே நிற்கிறான் என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றியில் காட்டினார்களே, அந்தத் துப்பாக்கி தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையின் மேல்பக்கம் 38-லிருந்து 42 டிகிரி. தொட்டியின் மறுமுனையில் 24, 25. அது தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். இரண்டடித் தொட்டியில் அதற்கு வழியே இல்லை. ஒரு பக்கம் 40 வைத்தால் மறுபக்கமும் 33 ஆகிவிடும்.

உடம்பு சூடேறவில்லை என்றால் தின்றது செரிக்காது, அது அதற்கே தெரியும், அதனால் தின்னாது. நீங்கள் சாப்பாட்டைப் பார்க்கிறீர்கள், முதலில் விளக்கைப் பாருங்கள்.

மார்ச் 10, அரை மணி கழித்து

திருத்தம். நெற்றியில் காட்டுவது வேண்டாம். அது மனிதக் காய்ச்சல் அளப்பது, நாற்பது சொச்சத்துக்கு மேல் போனால் கையை விரித்துவிடும். ஹார்ட்வேர் கடையில், அடுப்பு, எஞ்சின் எல்லாம் அளக்க விற்பார்களே, அது.

மார்ச் 12

இப்போது யூவி. இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் நான் சூடுபட்டது இதில்தான்.

கரிகாலன் எங்களிடம் வந்தபோது ஒன்றரை வயது. பழைய வீட்டில் டியூப் லைட் இருந்தது, பளிச்சென்று எரிந்தது. நாங்களும் அப்படியே மாட்டிவிட்டோம். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அவனை என் பெண் மடியில் வைத்திருந்தாள். 'அம்மா, இவன் விரல் தானா ஆடுதும்மா' என்றாள். பார்த்தால் பின்னங்கால் விரல்கள், வீணைத் தந்தியைச் சுண்டிவிட்டது போல, மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவன் அசையாமல்தான் இருக்கிறான். தாடையை விரலால் தொட்டேன். எலும்பு மாதிரி இல்லை, பென்சில் முனையில் இருக்கும் ரப்பர் மாதிரி இருந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, டியூப் எப்போது வாங்கியது. எங்களுக்குத் தெரியாது. அவனை முன்பு வளர்த்தவரிடம் கேட்டால், மூன்று வருடம் இருக்கும் என்றார். வெளிச்சம் வரும், யூவிபி (யூவி கதிரில் எலும்புக்கு வேண்டிய பகுதி) வராது. கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் என்பதால் போனதும் தெரியாது.

நடப்பது இதுதான்: யூவிபி கதிர் பட்டால் தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3-இன் முன்வடிவாக மாறும். உடம்புச் சூட்டில் அது டி3 ஆகும். ஈரல், சிறுநீரகம் இரண்டையும் கடந்த பிறகுதான் குடலில் கால்சியத்தை இழுக்கும் வேலையைச் செய்யும். வெளிச்சம் மட்டும் இருந்தாலும் போதாது, சூடு மட்டும் இருந்தாலும் போதாது. இழுக்க ஆள் இல்லாவிட்டால் நீங்கள் தூவும் கால்சியம் பொடி வந்த வழியே போய்விடும். ரத்தத்துக்குக் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். ரப்பர் தாடை அப்படி வந்ததுதான். பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது பின்னங்கால் இன்றைக்கும் கொஞ்சம் வளைவுதான்.

சுருள் பல்பைத் தூர வையுங்கள். ஒரு கை அகலத்துக்குத்தான் அதன் வீச்சு. நீளமான, ஒல்லியான யூவி டியூப் (டி5 என்பார்கள்), யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருக்கும், தொட்டி நீளத்தில் பாதிக்குமேல் வரும்படி வாங்குங்கள். சூடு பல்பு இருக்கும் பக்கமாகவே அதையும் மாட்டவேண்டும், வெயிலில் இரண்டும் சேர்ந்துதானே வருகிறது. கம்பி வலைக்கு மேலே வைத்தால் வலையே மூன்றில் ஒரு பங்கு வரை விழுங்கிவிடும், முடிந்தால் உள்ளே மாட்டுங்கள். கட்டையிலிருந்து 35, 40 செ.மீ. உயரம். வாங்கிய தேதியை மார்க்கரால் டியூப் ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வருடத்தில் மாற்றுங்கள்.

ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று யாரோ கீழே கேட்டிருந்தார். கண்ணாடி யூவிபியை விடாது.

மார்ச் 12, பிற்பகல்

சேர்த்துச் சொல்ல மறந்தது. இங்கே வானிலை செய்தியில் தினமும் யூவி இண்டெக்ஸ் சொல்கிறார்களே, 3-ஐத் தொட்டால் தொப்பி போடு, கிரீம் பூசு என்று, அதே அளவுகோல்தான் ஓணானுக்கும். கட்டையின் மேல் 3-லிருந்து 5-க்குள் இருந்தால் நல்லது. நம்மை ஒளிந்துகொள்ளச் சொல்லும் எண்தான் அதை வெளியே வரச்சொல்லும் எண். மெல்பர்ன் ஜனவரியில் 10-ஐத் தாண்டும், ஜூனில் 2 வந்தாலே அதிகம். வெயில் நாளில் இருபது நிமிடம் தோட்டத்தில் விடலாம், பாதி நிழல் இருக்கிற கூண்டில், நீங்கள் பக்கத்திலேயே இருந்து. கூக்கபரா (இந்த ஊர் மீன்கொத்தி ஜாதிப் பறவை) ஒன்று எங்கள் வேலி மேல் உட்கார்ந்து கரிகாலனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

மார்ச் 14

எத்தனை பூச்சி சாப்பிட்டது? ஒன்றா? போதும். ஒன்று சாப்பிட்டவன் இரண்டு சாப்பிடுவான்.

மார்ச் 17

பெட்டி. வளர்ந்த ஒன்றுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் குறைந்தபட்சம். புதிதாக வாங்கினால் கை கடிக்கும். நாங்கள் யாரோ கழித்துக்கட்டிய டிவி அலமாரியை 40 டாலருக்கு வாங்கி, முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடி போட்டு, பக்கவாட்டில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டோம். மரப்பெட்டி சூட்டைப் பிடித்துவைக்கும், குளிர்காலக் கரண்ட் பில்லில் தெரியும். சூடு பல்புக்குத் தெர்மோஸ்டாட் போடாமல் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

மணலை எடுங்கள். கால்சியம் மணல் என்றால் தின்றாலும் கெடுதலில்லை என்று பையில் போட்டிருக்கும். ஈரம் பட்டால் உருண்டை கட்டும், குடலிலும் அதையே செய்யும். முதல் ஒரு மாதத்துக்குப் பழைய செய்தித்தாள் போதும். பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனால் மலம் எப்படி இருக்கிறது என்று தெரியும், புது ஓணானிடம் அதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே கடிதம்.

இரண்டாவது ஒன்று வாங்கித் துணைக்கு விடலாமா என்றால், வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். மேலே இருப்பது வெயிலைத் திருடுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 20

சாப்பாட்டுக்கு வருவோம். குட்டியாக இருக்கும்போது பூச்சி அதிகம், இலை கொஞ்சம். வளர்ந்தபின் அது தலைகீழ்: தினமும் காலையில் இலை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் பூச்சி. உங்களுடையது இரண்டு வயது, எனவே இலைக்காரன். நம்பமாட்டான். பூச்சிக்காகக் காத்திருந்து உண்ணாவிரதம் இருப்பான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பூச்சியின் அளவு, அதன் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்துக்கு மேல் போகக்கூடாது. கிரிக்கெட் ராத்திரியெல்லாம் கத்தும், தப்பித்தால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் கத்தும். நாங்கள் மரக்கரப்பானுக்கு மாறிவிட்டோம். இங்கே 'வுடீஸ்' என்பார்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் டூபியா கரப்பான் ஆஸ்திரேலியாவில் வைத்திருக்கக் கூடாது, தேடாதீர்கள். மரக்கரப்பான் கண்ணாடியில்கூட ஏறும். டப்பாவின் உள்விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு வாசலின் தடவவேண்டும். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டாள். 'ஏட்டி, ஊர்ல மருந்தடிச்சுக் கொல்லுதோம், நீ காசு குடுத்தா வாங்குத?' என்றாள். அதற்குக் கேரட் நறுக்கிப் போடுகிறேன் என்று தெரிந்ததும் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. ஆனால் அதுதான் விஷயம்: பூச்சி என்ன தின்கிறதோ அதைத்தான் ஓணான் தின்கிறது. பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடு.

பூச்சி எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் தூக்கல், கால்சியம் கம்மி. மொத்தச் சாப்பாட்டில் கால்சியம் இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்கவேண்டும். அதனால்தான் பொடி. பூச்சியை ஒரு கவரில் போட்டு, டி3 சேராத கால்சியம் பொடி ஒரு சிட்டிகை, குலுக்கு. பஜ்ஜிக்கு மாவு புரட்டுவது போல வெள்ளையாக வெளியே வரும். வாரம் ஒருமுறை மல்டிவிட்டமின்.

இலை: பாக்சாய், எண்டிவ், புல்தரையில் மஞ்சளாகப் பூக்கும் டான்டெலையன் (மருந்தடிக்காத இடத்தில்), துருவிய பூசணி. செம்பருத்திப் பூவைக் கண்டால் ஓடிவரும். நம் கடைகளில் கிடைக்கும் முளைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், எங்களுடையது விரும்பித் தின்னும். அவகாடோ கூடவே கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது. பழம் எப்போதாவது ஒரு துண்டு, அதன் பல் தாடை விளிம்பில் ஒட்டியிருக்கும் ஜாதி, சொத்தையாகிப் போனால் மறுபடி முளைக்காது.

மார்ச் 21

நேற்று எழுதியதில் ஒரு வரியை அடித்துவிடுங்கள். முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை, பாலக் எதுவும் தாராளமாக வேண்டாம். இவற்றில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பொடி தூவும் கையாலேயே அதை உறிஞ்சும் இலையையும் போடுவது என்ன கணக்கு? 'விரும்பித் தின்னும்' என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன். என் பெண்ணும்தான் நூடுல்ஸை விரும்பித் தின்கிறாள். எப்போதாவது ஒரு இலை, சரி.

முருங்கைக்கீரை கொடுக்கிறேன், கொஞ்சமாக, மற்ற இலைகளோடு கலந்து. இங்கே பச்சையாகக் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததில் பாதியை நான் கிண்ணத்தில் போட்டபோதுதான் அம்மா இரண்டாவது தடவை பேசாமல் போனாள்.

மார்ச் 24

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது, இதை ஏன் டிராகன் என்கிறார்கள் என்று. ஓணான்தானே. குடும்பமும் அதுதான், அகாமிடே, நம் ஊர் வேலி ஓணானுக்குப் பங்காளி. நடு ஆஸ்திரேலியாவின் இந்த ஜாதிக்கு 1926-இல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியர் அறிவியல் பெயர் வைத்தார். விக்டோரியாவிலேயே வடமேற்கு மூலையில் மாலி பக்கம் காட்டில் இருக்கிறது. மில்டுராவுக்குப் போகும் வழியில் ஒரு வேலிக்கம்பத்தின் உச்சியில் ஒன்று முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தது, சாம்பல் நிறம், பட்டுப்போன மரத்தின் பட்டை மாதிரி. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்று நான் சொல்ல, பெண்ணுக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த ஊரே வந்துவிட்டது.

சின்ன வயதில் கோவில்பட்டி ஓடைக்கரையில் என் அண்ணன்மார் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பார்கள். கருவேல மரத்தில் அது தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், சுருக்கு கழுத்துக்கு வரும்வரை ஓடாது. பிடித்ததும் வாயில் மூக்குப்பொடி. அது கிறுகிறுவென்று சுற்றும், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். இதை எழுதவேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

கேள்விக்கு வருகிறேன், கையில் எடுக்கப்போனால் தட்டையாகிச் சீறுகிறது என்றீர்கள். மேலேயிருந்து கையைக் கொண்டுபோகிறீர்கள். தலை உச்சியில் ஒரு செதிலின் நடுவே சின்னப் புள்ளி இருக்கும், உற்றுப் பாருங்கள். அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலே நிழல் விழுந்தால் அதற்குக் கழுகு. நெற்றிக்கண்ணைத் திறக்கவிடாமல் பக்கவாட்டில், அதன் கண் மட்டத்தில் கையை வையுங்கள். நெஞ்சுக்கு அடியில் விரலை விட்டு நான்கு காலும் தாங்கும்படி எடுங்கள். முதல் இரண்டு வாரம் எடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பாருங்கள், பழகிக்கொள்ளும்.

மார்ச் 25

சப்பாத்திக்கள்ளி கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: ஓணானுக்கு நல்லது, முள்ளைச் சுத்தமாக எடுத்தால். ஆனால் இந்த நாட்டில் அது பெயர்போன களை, பெரும்பாலான வகைகளை வளர்க்கவே தடை. குயின்ஸ்லாந்தில் கோடிக்கணக்கான ஏக்கரை மூடிவிட்டது. 1920-களில் தென்னமெரிக்காவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள், அதன் புழு கள்ளியைக் குடைந்தே தீர்த்தது. பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் நினைவாக ஒரு மண்டபம் இருக்கிறது. பூச்சிக்கு மண்டபம்! அம்மாவிடம் சொன்னேன், 'அது கரப்பானுக்கு இல்லேல்லா' என்றாள்.

ஏப்ரல் 6

ஆணா பெண்ணா எப்படிப் பார்ப்பது. வாலை மெதுவாக, மெதுவாக, சற்றே தூக்கி அடியில் டார்ச் அடியுங்கள். வாலின் அடிமூட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மேடு, நடுவே பள்ளம் என்றால் ஆண். நடுவில் ஒரே மேடு என்றால் பெண்.

நாங்களும் இப்படிப் பார்த்துத்தான் கரிகாலன் என்று வைத்தோம். இரண்டாம் வருடம் கரிகாலன் பெட்டி மூலையைப் பறிபறியென்று பறித்து, பத்தொன்பது முட்டை போட்டான். ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும், பொரிக்காது. பெண் என்றால் ஈரமணல் போட்ட ஆழமான பெட்டி ஒன்று தயாராக இருக்கவேண்டும். தோண்ட இடமில்லாமல் முட்டையை அடக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பெயரை மாற்றவில்லை. நான் மட்டும் இன்னும் 'அவன்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

இதில் இன்னொரு கூத்து. குரோமோசோம்படி ஆணாக வேண்டிய முட்டை, 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால் பெண்ணாகப் பொரியும். கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் இதைக் காட்டினார்கள். 2015-இல், காட்டிலும் அப்படி நடக்கிறது என்று எழுதினார்கள். அதனால் எங்களவளைப் பொறுத்தவரை எங்கள் டார்ச் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது என்று வீட்டுக்காரர் வாதாடுகிறார். மேடு ஒன்றா இரண்டா என்று எண்ணத் தெரியாததற்கு விஞ்ஞானத்தை இழுக்கிறார்.

ஏப்ரல் 28

தினமும் வெந்நீரில் குளிப்பாட்டச் சொல்லி ஒரு பழைய பதிலில் நானே எழுதியிருக்கிறேன், யாரோ தோண்டி எடுத்துக் காட்டினார்கள். இப்போது அப்படி நினைக்கவில்லை. தோல் வழியாகத் தண்ணீர் குடிக்காது, வாய் வழியாகத்தான். இலையில் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள், அகலமான தாழ்ந்த கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். மலத்தோடு வரும் சுண்ணாம்பு மாதிரிக் கட்டி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ கெட்டியாக இருந்தால் போதவில்லை. மலச்சிக்கலுக்கும் தோல் உரியாமல் ஒட்டும்போதும் மட்டும் குளியல். சமையலறைத் தொட்டியில் வேண்டாம், சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஒட்டும். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது என்று இப்போதுதான் கவனித்தேன். அது முத்தம் கொடுக்கும் படத்தை எடுத்துவிடுங்கள், அழகாகத்தான் இருக்கிறது.

மே 26

மூன்று நாளாகக் குகைக்குள்ளேயே கிடக்கிறது, சாப்பிடவில்லை என்றால், இது குளிர்கால உறக்கம். கரிகாலனும் போன வாரம் உறங்கப் போய்விட்டாள். பகல் சுருங்குவது அதற்கு எப்படியோ தெரிகிறது, விளக்கு என்னவோ ஒரே மாதிரிதான் எரிகிறது. தொந்தரவு செய்யாதீர்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வீடு ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போனால் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் போடுங்கள். தூங்கும் அழகைப் பார்க்கலாம். 2016-இல் ஃபிராங்பர்ட்டில் ஆராய்ந்தவர்கள், இந்த ஓணானின் மூளையிலும் நம் கனவுத் தூக்கம் மாதிரி ஒன்று மாறிமாறி வருகிறது என்று கண்டார்கள், ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அவள் கண் மூடியில் துடிக்கும்போது நான் கூக்கபராவை நினைத்துக்கொள்வேன்.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போடுங்கள்.

ஜூன் 16

உங்களுடையது மே மாதம் 412 கிராம், இப்போது 358 என்கிறீர்கள். ஏன் நேற்று சொல்லவில்லை? உறக்கத்தில் எடை இவ்வளவு இறங்காது, பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அது உறக்கம் இல்லை. நாளைக் காலை டாக்டர். ஊர்வன பார்க்கும் டாக்டரா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள், நாய் பூனை டாக்டர் எல்லோருக்கும் இது பழக்கமில்லை. மலம் கிடைத்தால் டப்பாவில் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள்.

ஜூன் 20

டாக்டர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள்: குடலில் ஊசிப்புழு, ஏகத்துக்கு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், பெட்டியைச் சுத்தமாகக் கழுவித் துடைக்கச் சொன்னார்கள்.

கொஞ்சம் ஊசிப்புழு பல ஓணான்களிடம் இருக்கும், ஒன்றும் செய்யாது. பெருகினால்தான் இப்படி. ஆனால் இது நான் சொன்ன தப்பு. 'உறக்கம், தொந்தரவு செய்யாதீர்கள்' என்று படத்தைக்கூடப் பார்க்காமல் எழுதினேன். உறங்கவிடுவதற்கு முன்னால் மலப் பரிசோதனை செய்யவேண்டும், எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஏப்ரலிலும் செய்கிறோம். உங்களிடம் மார்ச்சிலேயே சொல்லியிருக்கவேண்டும், எடுத்து வந்த முதல் மாதத்தில். விளக்கு, விளக்கு என்று இரண்டு பக்கம் எழுதினேன், செய்தித்தாள் போடச் சொன்னேன், அதில் விழுவதை என்ன செய்வது என்று சொல்லவில்லை. இந்த இழையைப் படித்துப் புதிதாக எடுத்து வருகிறவர்கள் இதை மேலே, உரிமத்துக்குப் பக்கத்தில் சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 21

திட்டாததற்கு நன்றி தம்பி. திட்டியிருக்கலாம்.

ஜூலை 14

எடை 371 கிராமா? நல்லது. இரண்டாவது மல டெஸ்ட் வரும்வரை மணல், மண் எதுவும் போடாதீர்கள். வுடீஸ் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், டப்பாவின் விளிம்பில் வாசலின் தடவினீர்களா?

ஆகஸ்ட் 25

கரிகாலன் எழுந்துவிட்டாள். காலையில் விளக்கு போட்டதும் குகையிலிருந்து தலை மட்டும் வெளியே, அப்புறம் ஒரு கால், அப்புறம் அரை மணி நேரம் அப்படியே. எடை மே மாதத்தை விட ஒன்பது கிராம்தான் கம்மி. சூடேறியபின் பூசணியைச் சீண்டவில்லை, கரப்பான் டப்பாவின் சத்தம் கேட்டதும் கண்ணாடிக்கு வந்துவிட்டாள். மூன்று தின்றாள். நான்காவது இடுக்கியிலிருந்து நழுவி சோபாவுக்கு அடியில் போனது. ஒரு மணி நேரம் தேடிவிட்டேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.